அப்டேட் அழுத்தாதீர்கள்

மே 3, வெள்ளி

பெரிய மெஷின் இன்று காலை பத்தரை மணிக்குப் போய்விட்டது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வந்த பெரியவரின் பெயரைப் பாதிதான் அடித்திருந்தேன். டப்பென்று ஒரு சத்தம், கடுகு வெடிக்கிற மாதிரி. பிறகு ஒயர் கருகும் நாற்றம். பெரியவர் எட்டிப் பார்த்து, “எம்பேரு அவ்வளவு கனமாம்மிணி?” என்று கேட்டார். அவர் பெயர் குப்புசாமி. கனமொன்றும் இல்லை.

எதிர்க்கடை மோட்டார் ரீவைண்டிங்காரர் வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே பலகை கருகிவிட்டதாம், எடுத்துப் புதைக்க வேண்டியதுதானாம். பெட்டி 2006-இல் வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அவ்வப்போது ஒவ்வொன்றாக மாறிவிட்டது, மனுஷ உடம்பு மாதிரி. கடையில் இருந்த மூன்று மெஷினில் கடைசியாக மிஞ்சியதும் இதுதான்.

இந்த நோட்டைத் திறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அட்டையில் ‘மெஷின் நோட்டு’ என்று நாச்சிமுத்து சார் எழுதியது அப்படியே இருக்கிறது. இந்தக் கடைக்கு மெஷின் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். மெஷினில் என்ன செய்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற எழுத்து, பிழை இருந்தால் மெஷின் கோபித்துக்கொள்ளாது.

மத்தியானம் என் மகன் பூபதியிடம் போனில் சொன்னேன். ஓசூரில் வேலை பார்க்கிறான், இரண்டு அறை உள்ள வீடு பிடித்திருக்கிறான். ஒரு வருஷமாகவே கடையை மூடிவிட்டு அங்கே வந்துவிடு என்கிறான். மெஷின் போனதைக் கேட்டதும் குரலில் ஒரு சந்தோஷம். துக்கம் விசாரிக்க வந்தவன் பந்தி எப்போது என்று கேட்ட மாதிரி இருந்தது. பத்தொன்பதாம் தேதி வண்டி எடுத்துக்கொண்டு வருகிறானாம், சாமானைக் கட்டி வைக்கச் சொன்னான்.

நான் ஒரு பந்தயம் போட்டேன். பத்தொன்பதாம் தேதிக்குள் கடையில் நெட் ஓடினால் ஆயக்குடியிலேயே இருப்பேன். ஓடாவிட்டால் ஒரு பேச்சும் பேசாமல் வண்டியில் ஏறிவிடுவேன். அவன் சரி என்றான். சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன்.

மே 6, திங்கள்

பழனிக்குப் போய்ப் புது மெஷின் வாங்கி வந்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

கடைக்காரர் வேறு சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு லினக்ஸ்தான் பழக்கம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைப்பவளிடம் புது அடுப்பைக் கொடுத்தால் கையைத்தான் சுட்டுக்கொள்வாள். பென் டிரைவிலிருந்து நானே போட்டேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். மணி வைக்க ஊர் கேட்டது. பட்டியலில் ஆயக்குடி இருக்காது, பழனியும் இருக்காது, கொல்கத்தாதான் இருக்கும். எப்போது போட்டாலும் நான் கொல்கத்தாக்காரிதான்.

படம் வந்தது, சத்தம் வந்தது, பிரிண்டர் கூட வந்தது. நெட் வரவில்லை. ஒயரைச் செருகினேன், வரவில்லை. ஒயர் இல்லாமல் பார்த்தேன், அதுவும் வரவில்லை. இந்த மெஷினுக்கு நெட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியவில்லை.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இந்த வியாதி தெரிந்த வியாதி.

2006-இல் என் வீட்டுக்காரர் போன பிறகு, அவர் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தைப் பிரவுசிங் சென்டராக மாற்றினேன். பழனியில் ஒரு பாலிடெக்னிக்கில் கழித்துக் கட்டிய மூன்று மெஷின்கள் வந்தன. அவற்றோடு அங்கே லேப் பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து சாரும் வந்தார். வேலை முடிந்ததும் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெஷின்களில் இருந்த நெட் கார்டு அவரைப் போகவிடாத கார்டு.

அவர் விளக்கியதை என் பாஷையில் எழுதி வைக்கிறேன். லினக்ஸுக்கு நடுவில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் உயிர். ஒவ்வொரு கார்டையும் பேச வைக்க ஒரு டிரைவர் வேண்டும். ஆயிரக்கணக்கான கார்டுகளுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும். கர்னலைச் செய்கிறவர்களே அதையும் படித்துப் பார்த்து, பிழை திருத்தி, கர்னலை மாற்றும்போது கூடவே மாற்றிவிடுவார்கள். சில கார்டுகளுக்கு அப்படி உள்ளே இருக்காது. கார்டு செய்த கம்பெனி தனியாக எழுதி சி.டி.யில் கொடுக்கும், அல்லது நெட்டில் போட்டு வைக்கும். அதை எடுத்து நம் மெஷினில் இருக்கிற கர்னலின் அளவுக்கு நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

“சேலையோட தெச்சே வர்ற ரவிக்கைக்கும் டெய்லர்கிட்ட அளவு குடுத்துத் தைக்கிற ரவிக்கைக்கும் இருக்கிற வித்தியாசமுங்களா?” என்று கேட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். அளவு கொடுத்துத் தைத்தது கச்சிதமாக இருக்கும். கம்பெனிக்காரன் தன் கார்டுக்கென்றே எழுதியதால் சில சமயம் வேகமாகக்கூட ஓடும். ஆனால் உடம்பு மாறினால் திரும்பத் தைக்க வேண்டும். கர்னல் அப்டேட் ஆனால் அந்த டிரைவர் பொருந்தாது. நெட் போய்விடும். மறுபடியும் டெய்லர் வர வேண்டும்.

டெய்லர் வந்தார். ஆறு வருஷம் வந்தார்.

மே 8, புதன்

வாடிக்கையாளர் நாலு பேரைத் திருப்பி அனுப்பினேன். ஜெராக்ஸ் மட்டும் ஓடுகிறது. கையில் வேலை இல்லாததால் நோட்டின் பழைய பக்கங்களைப் படித்தேன்.

‘3.3.2008. தெரியாமல் அப்டேட் அழுத்திவிட்டேன். நெட் இல்லை. சார் வந்தார். டீ, கொய்யா.’

‘9.4.2008. கை பட்டு அப்டேட் ஆகிவிட்டது. சார் வந்தார். கொய்யா, மிளகாய்ப் பொடி.’

‘21.5.2008. பூனை கீபோர்டில் ஏறி அப்டேட் ஆகிவிட்டது. சார் வந்தார்.’

எங்கள் கடையில் பூனை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுதியிருக்கிறேன் என்றால் இருந்திருக்கும்.

மொத்தம் முப்பத்தொரு தடவை. பாவம், மானிட்டர் மேலேயே ஒரு தாளில் ‘அப்டேட் அழுத்தாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அந்தத் தாள் இப்போதும் இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. டிரைவர் சி.டி. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தூசி படாமல் இருக்கட்டும் என்றுதான்.

அவர் வந்தால் முதலில் செருப்பை வெளியே கழற்றி இரண்டையும் ஜோடி சேர்த்து வைப்பார். கோயிலுக்குங்களா வந்தீங்க என்பேன். உட்கார்ந்து மூன்று வரி அடிப்பார். மேக், மேக் இன்ஸ்டால், மாட்புரோப். எறும்பு வரிசை மாதிரி எழுத்து மேலே ஓடும். ஓடி முடிகிற வரைக்கும் கொய்யாப்பழம் சாப்பிடுவார். நான் ஊர்வம்பெல்லாம் சொல்வேன். அவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, கல்யாணம் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பையன், வீட்டுக்காரர் இல்லை. அதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசியதெல்லாம் மெஷினைப் பற்றித்தான்.

அந்த மூன்று வரியும் எனக்கு அப்போதே மனப்பாடம். மெஷின் திறக்கும்போது வருகிற பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் அவர் வராமலே நெட் வரும் என்பதும் 2009-லேயே தெரியும். வாடிக்கையாளர் அவசரம் என்றால் அப்படித்தான் ஓட்டுவேன். ஆனாலும் தெரிந்தவர் வந்து செய்வது நல்லதில்லையா.

கடைசிப் பக்கம் அவர் கையெழுத்து. ‘16.9.2012. புதிய பதிப்பு போடப்பட்டது. இந்தக் கார்டின் டிரைவர் இப்போது கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இனி எத்தனை அப்டேட் வந்தாலும் நெட் போகாது. வெளி ஆள் தேவையில்லை.’

அதற்கப்புறம் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. நல்ல மெஷின்.

மே 9, வியாழன்

அவர் நம்பர் அட்டையின் உள்பக்கம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நம்பர், யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்துத்தான் அடித்தேன்.

“சொல்லுங்க, நெட் போயிருச்சுங்களா?” என்றார். நேற்றுத்தான் பேசினவர் மாதிரி.

ஆயக்குடியிலிருந்துதானா என்றுகூட அவர் கேட்கவில்லை. கடை நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறார் போல. நான்தான் என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்தேன். எனக்கே ஆச்சரியம். இந்த வாய்க்கு அது முதல் தடவை.

இப்போது தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறாராம். அம்மா தவறி ஒன்பது வருஷமாகிவிட்டதாம். எனக்குச் சொல்லவில்லையே என்றேன். மெஷின்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நெட்டுக்கான சிப் என்ன என்று பார்க்க ஒரு வரி அடிக்கச் சொன்னார். வந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ரொம்பப் புதுசாம். கர்னல்காரர்கள் இன்னும் உள்ளே சேர்க்கவில்லையாம். கம்பெனி தனியாகப் போட்டிருக்குமாம்.

பழைய கதைதான். நான் சிரித்ததற்கு எதற்கு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மே 11, சனி

அவரே கூப்பிட்டார். தான் வர வேண்டியதே இல்லை, போன் சார்ஜர் ஒயரை எடுத்து மெஷினில் செருகி, போனில் இருக்கிற நெட்டை மெஷினுக்குக் கொடுத்தால் போதும் என்றார். போன் வழியாக வருகிற நெட்டுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறதாம், உடனே பிடித்துக்கொள்ளுமாம். அதில் கம்பெனி டிரைவரை இறக்கிக்கொண்டு, மற்றதை அவர் போனிலேயே சொல்லித் தருவாராம். அரைமணி நேர வேலை.

ஒயரை எலி கடித்துவிட்டது என்றேன்.

வேறு ஒயர்?

அதையும்.

காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, பதினெட்டாம் தேதி சனிக்கிழமை லேப் லீவு, வருகிறேன் என்றார்.

பதினெட்டு. பூபதி வருவது பத்தொன்பது. பரவாயில்லை, ஒரு நாள் இருக்கிறது.

மே 12, ஞாயிறு

போன் சார்ஜ் ஏறுகிறது. ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 14, செவ்வாய்

பூபதி பேசினான். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதா என்றான். ஒரு கரண்டிகூடக் கட்டவில்லை என்றேன். பந்தயம் ஞாபகம் இருக்கிறதல்லவா என்று மிரட்டினான். நாச்சிமுத்து சார் வந்து சரி செய்து தருகிறார், உன் வண்டி வாடகை தண்டம் என்றேன்.

அந்தப் பேரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. லைன் கட் ஆகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“அவரு இன்னும் வர்றாராம்மா?”

இன்னும் என்ன இன்னும், பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் என்றேன். சரி என்று வைத்துவிட்டான். அவனுக்கு என்னவோ.

மே 16, வியாழன்

கடைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொன்னேன். மெஷினுக்காகத்தான். சுவர் உதிர்ந்து தூசி விழுகிறது.

மே 18, சனி

பதினோரு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றி இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்தார்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தது, உங்க தலைக்கு யாருங்க அடிச்சது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அதே மாதிரி, நாற்காலி நுனியில்.

பென் டிரைவில் கம்பெனி டிரைவரைக் கொண்டுவந்திருந்தார். மேக் அடித்தார். எறும்பு வரிசை ஓடியது. பாதியில் சிவப்பாக நாலு வரி வந்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு. நாளை வண்டி வந்துவிடும்.

என் மெஷினில் இருக்கிற கர்னல், இந்த டிரைவரை எழுதியபோது இருந்த கர்னலைவிடப் புதுசாம். கம்பெனிக்காரன் பழைய அளவுக்குத் தைத்து வைத்திருக்கிறான். கர்னல்காரர்கள் உள்ளே எதையாவது மாற்றினால் உள்ளே இருக்கிற டிரைவர்களைத் தாங்களே திருத்திவிடுவார்கள், வெளியே இருக்கிறதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அது கம்பெனியின் பாடு. சில கம்பெனி திருத்தும், சில கம்பெனி மறந்துவிடும். இதற்குத் திருத்தியது ஒன்று வந்திருக்கலாம், ஆனால் இங்கேயே நெட்டில் தேடி இறக்க வேண்டும் என்றார்.

“அதுக்குப் போன் ஒயர் வேணுமுங்களே” என்றார் என்னைப் பார்க்காமல். “எலி கடிச்சிருச்சுன்னீங்க.”

உள்ளே போய் ஒயரை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“எலி திருப்பிக் குடுத்துருச்சுங்க” என்றேன்.

செருகியதும் அந்த நிமிஷமே மெஷின் நெட்டைப் பிடித்துக்கொண்டது. வீட்டோடு இருக்கிற டிரைவர் என்றால் அப்படி. தேடினார், திருத்தியது இருந்தது, இறக்கினார். மேக் அடித்தார். இந்தத் தடவை எறும்பு வரிசை கடைசிவரை ஓடியது. போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு நெட் ஒயரைச் செருகினார். சின்னதாய் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மணி ஒன்றரை.

கொய்யாப்பழம் வெட்டி மிளகாய்ப் பொடி தூவிக் கொடுத்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இன்னொரு வேலை இருக்குதுங்க. டி.கே.எம்.எஸ்-னு ஒண்ணு. அதைப் போட்டுட்டா கர்னல் மாறும்போதெல்லாம் அதுவே இந்த டிரைவரத் திரும்பக் கட்டிக்கும். நெட் போகாது. நான் வர வேண்டியதில்லைங்க. போட்டுரட்டுங்களா?”

அப்படியும் ஒன்று வந்துவிட்டதா என்றேன்.

“அது அப்பவே இருந்துச்சுங்க.”

எப்போது என்று கேட்டேன்.

“ரெண்டாயிரத்தி ஆறுலயே.”

முப்பத்தொரு தடவை. பழனியிலிருந்து வெயிலில் டி.வி.எஸ். வண்டியில்.

“ஏனுங்க அப்பப் போடல?”

“நீங்க மட்டும் ஏனுங்க மாசாமாசம் அப்டேட் அழுத்துனீங்க? அழுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேன்ல.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே.”

என் கையில் இந்த நோட்டு இருந்தது. ஆறு வருஷம் என் கையெழுத்தால் நிறைந்த நோட்டு. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிறகு நான்தான் கேட்டேன், அப்புறம் ஏன் ஒரேயடியாக வராமல் போனீர்கள் என்று. டிரைவர் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதே, வர என்ன காரணம் இருக்கிறது என்றார். உள்ளே சேர்ந்தது நல்லதுதான், பத்துப் பேர் பார்த்துக்கொள்வார்கள், எப்போதுமே அதுதான் நல்லது என்றார். இதுவும் ஒன்று இரண்டு வருஷத்தில் உள்ளே சேர்ந்துவிடுமாம்.

“அப்ப எதைச் சாக்கு வெச்சு வருவீங்க?”

“கொய்யாப்பழம் திங்க வரேனுங்க” என்றார். பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “ஆனா ஒண்ணு சொல்லணுமுங்க. எனக்குக் கொட்டை ஆகாது. கடவாப்பல்லுல ஓட்டை. மாட்டிக்கிட்டா ரெண்டு நாளைக்கு வலி. அப்பருந்தேங்க.”

ஆறு வருஷம் தின்றிருக்கிறார் மனுஷன்.

டி.கே.எம்.எஸ். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்த ‘அழுத்தாதீர்கள்’ தாளைக் கேட்டார். நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவரே திரும்பி வந்து மானிட்டர் மேல் ஒட்டிவிட்டுப் போனார். பஸ் ஒன்று போய்விட்டது, அடுத்ததில் போனார்.

மே 19, ஞாயிறு

பூபதி பத்து மணிக்கு வண்டியோடு வந்தான். மெஷின் முன்னால் உட்கார வைத்து அவன் ஆபீஸ் பேரையே அடித்துக் காட்டினேன். வந்தது. பந்தயத்தில் தோற்றாய், சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மானிட்டர் மேலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இது எப்போது திரும்ப வந்தது என்று கேட்டான். நேற்று என்றேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்.

“நாந்தாம்மா அவர வர வேண்டாம்னு சொன்னது.”

ஏழாவது படிக்கும்போதாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னையும் அவரையும் வைத்து ஏதோ கேலி பேசியிருக்கிறார்கள். இவன் பஸ் ஸ்டாப்பில் அவர் வண்டியை நிறுத்தி, இனிமேல் எங்கள் கடைக்கு வராதீர்கள் என்று அழுதிருக்கிறான். அவர் கோபப்படவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிக் கைக்குட்டை கொடுத்தாராம்.

“ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி, மெஷின அம்மாவுக்குச் சிரமமில்லாம வெச்சுட்டுப் போயிடறேன்னாரு. பெரியவங்ககிட்டப் பேசற மாதிரி ‘ங்க’ போட்டுப் பேசுனாரும்மா.”

நான் நோட்டை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 16.9.2012. வெளி ஆள் தேவையில்லை. நேற்று அத்தனை பேசியவர் இதை மட்டும் சொல்லவில்லை. பையனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பூபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவேன் என்று எதிர்பார்த்தான் போல. இருபத்தைந்து வயசு ஆள், மீசை வைத்த ஆள், அந்த ஏழாவது படிக்கிற முகத்தோடு நின்றான். ஏன் கண்ணு, அந்தக் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தாயா இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். அவர் பொருளை இத்தனை வருஷம் வைத்திருக்கிறாய், உன்னை முதலில் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். அப்போதுதான் சிரித்தான். கொஞ்சம் அழுதுகொண்டும்தான். நான் அழவில்லை, மிளகாய்ப் பொடி கண்ணில் பட்டுவிட்டது.

வண்டி காலியாகப் போக வேண்டாமே என்று இரண்டு கூடை கொய்யா ஏற்றிவிட்டேன். ஏறும்போது, அவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்டான்.

நெட் போனால் வருவார் என்றேன்.

“எப்ப போகும்?”

அது என் கையிலா இருக்கிறது என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பூபதி தபாலில் ஒரு கைக்குட்டை அனுப்பியிருக்கிறான், புதுசு, நாலாக மடித்தது. சாரிடம் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறான். சாமி படத்துக்குப் பின்னால் சி.டி. பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

அப்டேட் ஒன்றும் வரவில்லை. இந்தக் கர்னல்காரர்கள் என்ன வேலைதான் பார்க்கிறார்களோ.

ஜூன் 20, வியாழன்

காலையில் மெஷினைத் திறந்ததும் மூலையில் சின்னதாய் அறிவிப்பு. கர்னல் அப்டேட் வந்திருக்கிறது. ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான். மேலே அவர் ஒட்டிய தாள், கொட்டை எழுத்தில். எழுத்துக் கூட்டி ஒரு தடவை முழுக்கப் படித்தேன்.

வரிசையில் நின்ற இரண்டு பேருக்கும் வேலையை முடித்துக் கொடுத்தேன். சந்தைக்குப் போய்ப் பழுத்த கொய்யா நாலு வாங்கி வந்தேன். இரண்டாக வெட்டி, கரண்டியால் நடுவில் இருக்கிற கொட்டை முழுவதையும் சுரண்டி எடுத்தேன். ஒன்றுகூட விடாமல் விரலால் தடவிப் பார்த்தேன். தட்டில் வைத்து மூடினேன்.

பிறகு வந்து அழுத்தினேன்.